காலி வரிசை

செவ்வந்தி மென்பொருளாக எழுதிய அட்டவணையை எந்த இணையச் செயலிக்குள்ளும் பொருத்தலாம். அதன் உட்புறத்தில் கை வைக்காமலே நிறம் மாற்றலாம், புதிய கட்டம் சேர்க்கலாம், வேண்டாத வரிசையை மறைக்கலாம். அதற்கு ஒரு சிறு நிரலை எழுதி வெளியிலிருந்து கோத்துவிட்டால் போதும். அலுவலகத்தில் அதைப் பிளகின் என்பார்கள். கோப்பதற்கான வாசல்களை ஒவ்வொன்றாக யோசித்துத் திறந்து வைத்தவள் செவ்வந்திதான். ‘ஒவ்வொண்ணுக்கும் நம்மளக் கேக்காம அவங்களே செஞ்சுக்கட்டுங்க’ என்று முதலாளி மோகன்குமாரிடம் வாதாடி, அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் விடவும் சம்மதம் வாங்கினாள். அட்டவணை ஊர் ஊராகப் பரவியது. சரவணம்பட்டி அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

பெருந்துறைப் பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்து சென்னகிருஷ்ணன் அழைத்தபோது அவள் காலை டீயைப் பாதிதான் குடித்திருந்தாள். பட்டறையின் கழிவுநீர்த் தொட்டிகள் அவர் பொறுப்பு. தொட்டிக்குத் தொட்டி விஷவாயுவை அளக்கும் கருவி உண்டு. அவை அனுப்பும் எண்களை அவர் திரையில் காட்டியது அவளுடைய அட்டவணை.

“ஏனுங்க அம்மணி, டேபிளுக்குக் கீழ கொஞ்சம் எடம் வெள்ளையாக் கெடக்குதுங்க. வேறொண்ணும் கொறையில்லீங்க. அதுதான் சொல்லலாம்னு.”

அட்டவணையின் உயரக் கணக்கில் ஏதோ பிசகு என்று நினைத்துக்கொண்டு, திரையைப் பகிரச் சொன்னாள். எல்லா வரிசையும் பச்சை, ஆபத்தில்லை என்று காட்டும் நிறம். ஆனால் உயரம் சரியாகத்தான் இருந்தது. அட்டவணைக்கு வந்து சேர்ந்த வரிசைகளைவிடத் திரையில் தெரிந்தவை குறைவு.

“இதுல புதுசா ஏதாச்சும் சேத்தீங்களாண்ணா?”

“எங்க ஆபீஸ்ல ஒருத்தரு இன்டர்நெட்டுல இருந்து எதையோ எடுத்துப் போட்டாருங்க. ஆய்வுக்கு வாரவங்க கண்ணுல காலிக் கட்டம் படக்கூடாதுன்னு முதலாளி சொன்னாருங்க. நம்பர் வராத லைனை எல்லாம் அது மறைச்சுபோடுதுங்க.”

வாயு இல்லாவிட்டால் கருவி பூஜ்யத்தை அனுப்பும். எண்ணே வரவில்லை என்றால் கருவி செத்துவிட்டது என்று பொருள். எதை முதலில் பார்க்க வேண்டுமோ அந்த வரிசையை அந்தப் பிளகின் அழகுக்காக அகற்றிக்கொண்டிருந்தது. அவள் திறந்த வாசல் வழியாகத்தான் நுழைந்திருந்தது. அவள் எழுதிவைத்த விதிகளில் ஒன்றைக்கூட அது மீறவில்லை. திரையில் இரண்டாம் தொட்டிக்கு அடுத்து நான்காம் தொட்டி இருந்தது.

“மூணாந்தொட்டி எங்கீங்கண்ணா?”

“இங்கதான்…” அவர் தேடுவது தெரிந்தது. “காணமுங்க.”

“அந்தத் தொட்டில இப்ப யாராச்சும் இருக்காங்களா?”

“ராசப்பன் சேறு அள்ள எறங்கறானுங்க. எல்லாம் பச்சையா இருக்குது போன்னு நாந்தான் சொல்லியுட்டேன்.”

“ஏறச் சொல்லுங்க. ஓடுங்கண்ணா.”

போன் மேசையில் விழுந்தது. நாற்காலி சரிந்தது, செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு பம்புகளின் இரைச்சல் மட்டும். அவள் அழைத்துப் பார்த்தாள், பதில் இல்லை. திரையில் அந்தப் பச்சை வரிசைகள் புதுப் புது எண்களை அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தன. எங்கோ தூரத்தில் ராசப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. மறுபடியும் கேட்டது. அதன்பின் பல குரல்கள் ஒன்றாக எழுந்தன, எதுவும் விளங்கவில்லை.

இடுப்பில் கயிறு இருந்ததால் ராசப்பனை மேலே இழுக்க முடிந்தது. ஏணியிலேயே நினைவு தப்பியிருந்தான். பல நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் திறந்தவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பொற்கொடியைப் பார்த்து யார் என்று கேட்டானாம். சென்னகிருஷ்ணன் அதைப் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மோகன்குமார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்தப் பிளகின் நம்மளது இல்லீங்க செவ்வந்தி. எவனோ எழுதுனது. வாயத் தொறந்தா நம்ம தலைலதான் விடியும். அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாமச் சரி பண்ணிருங்க.”

“மறைக்கறதுக்கு வழி விட்டது நாந்தானுங்க சார். மறைச்சா அதைச் சொல்லணும்னு எழுதாம உட்டதும் நாந்தான்.”

“அதைய வெளிய போய்ச் சொல்லுவீங்களா?”

அவள் எழுந்து தன் இருக்கைக்குப் போய்த் திருத்தத்தை எழுத உட்கார்ந்தாள்.

திருத்தம் ஒரு மத்தியான வேலைதான். எந்தப் பிளகின் எதை மறைத்தாலும், ‘சில வரிசைகள் மறைக்கப்பட்டுள்ளன’ என்று அட்டவணையே சொல்லும். அந்த வாக்கியத்தை எந்தப் பிளகினும் தொட முடியாது. ஆனால் பழைய அட்டவணை ஏற்கெனவே வெளியே போயிருந்தது. அந்தப் பிளகினை ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்திருந்தார்கள். எந்த ஊர், என்ன தொழில், அந்தத் திரையை நம்பி யார் எங்கே இறங்குகிறார்கள் என்று அட்டவணை யாரையும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று முடிவு செய்தவளும் அவள்தான்.

மோகன்குமாரிடம் சொல்லாமல், தன் பெயரைப் போட்டுப் பொதுவில் ஓர் எச்சரிக்கை எழுதினாள். அவர் அதைப் பார்த்த பிறகு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எச்சரிக்கையை நீக்கச் சொல்லவும் இல்லை. ஈரோட்டுக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றிலிருந்து நன்றி வந்தது. இன்னும் சிலர் சரிசெய்துவிட்டதாக எழுதினார்கள். பெரும்பாலானோரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

ஒரு நாள் நண்பகலில், பெயரில்லாத முகவரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘காலி வரிசைகள் எங்களுக்கு இடைஞ்சல். இப்போதிருப்பதே வசதி. மாற்றுவதாக இல்லை.’

நீங்கள் எந்த ஊர், அங்கே எதை அளக்கிறீர்கள் என்று உடனே கேட்டு எழுதினாள். பதில் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு, அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி எழுதத் தொடங்கினாள்.