சாட்சிக்கு ஒரு தட்டான்

கழிமுகத்தை மண் கொட்டி மூடப்போகிறார்கள். அதற்குமுன் அங்குள்ள பூச்சிகளைக் கணக்கெடுக்கும் வேலை பூச்சி ஆராய்ச்சியாளரான அவளுக்கு வந்தது. பத்து நாள் கெடு. எலக்ட்ரீஷியனான கணவன் கடைசி மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான். முழங்கால் சேற்றில் பையைத் தலையில் சுமந்தபடி, "பூச்சி டாக்டரம்மா, கொசுதான் நம்மளக் கணக்கெடுக்குது" என்றான்.

ஒன்பதாம் நாள் காலை, நாணல் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. உப்புத்தண்ணீரில் பிழைக்கும் தட்டான். முப்பது வருடமாக யார் கண்ணிலும் படாதது. ஆனால் சாதாரணத் தட்டான் ஒன்றும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். வலையில் பிடித்து, இறக்கைகளை விரலிடுக்கில் மடக்கி, லென்ஸை வைத்தாள். வால் நுனியில் இரண்டு கொக்கிகள், உள்பக்கம், சாதாரணத் தட்டானுக்கு இல்லாத ஒரு பல். அதேதான். படமெடுத்துவிட்டுப் பறக்கவிட்டாள். இது இருக்கிறது என்று நிரூபித்தால் போதும், சட்டப்படி ஒரு மண் லாரிகூட உள்ளே வர முடியாது.

மண் கொட்ட அனுமதி தரும் அலுவலகத்தில் அதிகாரி படத்தை ஒரு நொடி பார்த்தார். "படத்த எங்க வேணா எடுக்கலாம் மேடம். பூச்சி கையில இருந்தாத்தான் ஃபைல் நகரும்."

"அதைக் கொல்லச் சொல்றீங்களா சார்?"

"நான் எதுவும் சொல்லலையே. நாளைக்குக் கெடு முடியுது."

"ஒண்ணு போனா மத்ததெல்லாம் பிழைக்கும்னா எடுத்துடும்மா" என்றான், அவள் வெளியே வந்து சொன்னதைக் கேட்ட கணவன். யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் அவளும் காத்திருந்தாள்.

மறுநாள் காலை அதே நாணலில் அதே தட்டான். காகித உறைக்குள் போட்டாள். கால்கள் பிறாண்டும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, பூச்சியைக் கொன்று பதப்படுத்தும் அசிட்டோனில் முக்கினாள். பிறகு இருவரும் மதியம்வரை கழியைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். இன்னொன்று அகப்படவில்லை.

அதிகாரி லென்ஸில் நிதானமாகப் பார்த்தார். "நீங்க சொன்னதேதான்." அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

"அங்க இன்னும் எத்தனை இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தேடினோம் சார். இது ஒண்ணுதான் கிடைச்சுது."

அவர் பேனாவைத் திறந்தார். "அப்ப, இப்ப அங்க எதுவும் இல்ல. சரிதானே?"

"தண்ணிக்குள்ள அதோட குஞ்சுங்க இருக்கும் சார்! ஒரு மாசம் குடுங்க!"

"எனக்கு மேலயும் ஆள் இருக்காங்க மேடம்" என்றபடி அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் காத்திருந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்துப் பதறினான். "என்னாச்சும்மா?"

"கடைசி ஒண்ணு இருந்துச்சுங்க. நான் எடுத்துட்டேன்."

திங்கட்கிழமை லாரிகள் வந்தன. அவள் கரையில் போய் நின்றாள். கணவன் எத்தனை கூப்பிட்டும் அசையவில்லை. சாயங்காலத்துக்குள் பாதிக் கழி மேடாகிவிட்டது.