ஆடுகிற பெஞ்சு

இந்தப் பள்ளியில் டீச்சர் என்று கூப்பிடக் கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். தலைமையாசிரியை பெரியக்கா. சொல்லிக்கொடுப்பதும் கூடாது. பிள்ளைகள் எது கேட்டாலும், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். புதிதாகச் சேர்ந்த அக்காவுக்குப் பழைய பள்ளியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. இங்கே பேசாமல் இருந்தே கட்டிவிடும் போலிருந்தது.

எல்லோரும் பாயில்தான் உட்கார வேண்டும். கால் முறிந்து மாவுக்கட்டோடு வந்த வாலு என்கிற சிறுமிக்கு அது முடியவில்லை. அக்கா போய் ஒரு நாற்காலி கேட்டாள்.

"பிரச்சனை பிள்ளைங்களோடது. தீர்வும் அவங்களோடதா இருக்கட்டுமே" என்றாள் பெரியக்கா, தன் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி.

பிள்ளைகள் ஆசையாக ஒரு பெஞ்சு செய்தார்கள். நன்றாகவே செய்தார்கள். வாலுவுக்குப் பிடித்த ஜன்னலோரம் போட்டார்கள், ஆடியது. அங்கே தரை பள்ளம். அறையைத் துடைத்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும் என்று அக்காவுக்குத் தெரியும். பெஞ்சை ஒரு முழம் தள்ளிப் போட்டால் தீர்ந்தது. "தரையப் பாருங்கடா" என்பது தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு காலை அறுத்தார்கள். பெஞ்சு இன்னும் ஆடியது. எதிர்க்காலை அறுத்தார்கள்.

"அக்கா, இப்ப சரியா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மறுபடி ரம்பம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, மத்தியானத்துக்குள் பெஞ்சு மணையாகிவிட்டது. அதுவரை வாலு சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, இது ஏன் ஆடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் வாலு.

வழக்கமான கேள்வி நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அக்கா மாவுக்கட்டுக்கு வெளியே வீங்கியிருந்த கால்விரல்களைப் பார்த்தாள்.

"தெரியும்."

"முதல்லயே தெரியுமா?"

"ம்."

"அப்ப ஏன் சொல்லல?"

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது, ஆத்திரம் அதைவிட அதிகமாக இருந்தது. விடுவிடுவென்று அலுவலகத்துக்குப் போனாள். பெரியக்கா சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தாள். அக்கா அந்தச் சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து வாலுவை உட்கார வைத்தாள். பிறகு தரையில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டாள். அது நேராக ஜன்னலோரம் ஓடிப் பள்ளத்தில் நின்றது.

"அட, தரைதானா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

கூச்சல் கேட்டு வந்த பெரியக்கா வாசலிலேயே நின்றாள். "அது என் நாற்காலியாச்சே! இப்ப நான் எங்க உக்கார்றது?"

அக்கா அந்த மணையைக் காலால் மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, பெரியக்கா?"