செடிக்கு ஒரு முழம்

மறுபடியும் முளைக்கட்டை செடியின் நடுவில்தான் இறங்கியிருந்தது. ரேணுகாம்பாள் துடைப்பத்தை வீசினாள்.

"யாரு அடிச்சது இத?"

"நான்தான்மே. இப்ப இன்னான்ற?" என்றான் அவள் புருஷன் கண்ணாயிரம்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு இழையை நீளத்துக்கு இழுத்துப் பாவு கட்டத் தெருவை விட்டால் இடமில்லை. பாவின் ஒரு முனைக்கு முளை அவர்கள் வாசலில், மறு முனைக்கு நாலு வீடு தள்ளி வீரபாகு வாசலில்.

அந்தச் செடி, பெங்களூரில் தோட்ட வேலை செய்யும் அவள் தங்கை கொடுத்த வேர்க்கட்டி. கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூ பூக்கும் குட்டை ஜாதி கோல்டன்ராட். முழங்காலுக்கு மேல் வளராது. பூத்து முடிந்ததும் தரையோடு அறுத்துவிட்டால் போதும், வேரிலிருந்து புதுக் கன்று கிளம்பும் என்றிருந்தாள் தங்கை. பூத்தால்தானே? மொட்டு விடும்போதெல்லாம் முளை இறங்கியது. இந்த வருஷம் தண்டுக்குத் தண்டு மொட்டு.

"அதுக்கு ஒண்ணும் ஆவாது. போன தபா அடிச்சேன், திரும்பத் துளிர்க்கல?"

பாவுக்குக் கைகொடுக்க வந்த வீரபாகு சிரித்தான். "கெட்டிச் செடிதான்க்கா அது. உன்ன மாதிரி."

ரேணுகாம்பாளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"கெட்டின்னா குத்துவீங்களா? நான் ஜுரத்துல தறிக்குத் தார்க்குச்சில நூல் சுத்திக்கினு கெடந்தப்பவும் இதே பேச்சு, அவளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. சாவலன்னா வலிக்காதாய்யா?"

முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எறிந்தாள். செடியை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிமே, வெயில் ஏறுது!"

"ஒரு முழம் தள்ளி அடி."

"இங்க தள்ளுனா பாவு கோணிக்கும்."

"அந்த முனையையும் தள்ளு."

வீரபாகு பதறினான். "அய்ய, அது என் வாசப்படிக்கு நேரா வரும்கா! நாங்க எப்படி உள்ள போறது?"

"குனிஞ்சு போ. உன் இடுப்பும் கெட்டிதான்."

பாவைப் பிடித்து நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வெயில் முற்றினால் இழை முறுகும். கண்ணாயிரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி அடித்தான், அவள் மண்டையிலேயே அடிப்பதுபோல. வீரபாகு முணுமுணுத்துக்கொண்டே மறு முனையைத் தள்ளப் போனான்.

பாவு கட்டி முடியும்வரை அவள் எழவில்லை. பிறகு பிளந்த வேரைச் சேர்த்து மண்ணை அழுத்தினாள். பாதித் தண்டு ஒடிந்திருந்தது. அந்த மொட்டுகள் இனி விரியாது. அரிவாளால் ஒடிந்த தண்டுகளைத் தரையோடு அறுக்கையிலும் அவள் வாய் ஓயவில்லை. தெருவே கேட்டது.