கன்றுக்குப் போக மிச்சப் பால்

1.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. பேரில் இருப்பது பண்டத்தில் இல்லாத தின்பண்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். தேன் மிட்டாயில் தேன் கிடையாது, சீனிப்பாகுதான். பால் பன்னைப் பிழிந்தால் எண்ணெய்தான் வரும். முட்டைக்கோசை உரித்துக்கொண்டே போனாலும் முட்டை வராது என்று எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் ரோட்டில் கண்ணுசாமி வைத்திருந்த டீக்கடையின் பலகை ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு போயே போச்சு. பலகையில் எழுதியிருந்தது: ‘கன்றுக்குப் போக மிச்சப் பால் டீ.’

2.

கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சித்திரையில்...

அடச்சே, வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதை என்றால் வெடித்த மண்ணில்தான் தொடங்கணுமா? பத்திரகாளியிடம் தொடங்குகிறேன். கண்ணுசாமியின் மனைவி. கடைக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு ஜெர்சி கலப்புப் பசுவை வளர்த்தாள். ஊசி போட்டுச் சினையான அந்தப் பசு, தொண்ணூற்றெட்டில் ஒரு காளைக்கன்று ஈன்றது. கன்றுக்குத் திமில் இல்லை.

திமில் இல்லாத காளையை உழவுக்கு எவரும் வாங்க மாட்டார்கள். நுகத்தடி எதில் நிற்கும்? கண்ணுசாமி அதற்குக் கஞ்சித்தண்ணீர் போதும் என்றான்.

“நாட்டு மாடுன்னா கன்னு முட்டாமப் பால் எறக்காது. இது கன்னு இல்லாமலே கறக்குது. பெறகு என்னத்துக்கு அதுக்கு ஊட்டணும்?”

பத்திரகாளி பிறந்த வீட்டில் நாலு காம்பில் ஒரு காம்பு கன்றுக்கு. அவள் மூன்றைக் கறந்துவிட்டு நாலாவதைக் கன்றுக்கு விட்டாள். அது முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்க்கையில் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

[சந்தேகம்: அவளை ரொம்ப நல்லவளாக்குகிறேனோ? அப்படியும் இல்லை. முன்பு நாட்டுப் பசு இருந்த காலத்தில் அந்தப் பலகையை எழுதச் சொன்னதே அவள்தான். தான் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.]

3.

மூன்று காம்புப் பாலில் டீ தண்ணீராகப் போயிற்று. ஒரு ஆள் வாய்விட்டே கேட்டான்: “என்ன அண்ணாச்சி, டீயா கழனித்தண்ணியா?” (அந்த ஆள் யாரென்று பிறகு சொல்கிறேன்.) கண்ணுசாமிக்குச் சுருக்கென்றது. மறுநாள் கறவை நேரத்தில் கொட்டகைக்குள் போய்ப் பார்த்துவிட்டான்.

சந்தை நாளன்று தரகர் சோலைச்சாமி புதுக் கயிற்றோடு வந்து நின்றார். ரோட்டோரம் அடிமாட்டு லாரி நின்றது. விற்ற மாட்டோடு வீட்டுக் கயிற்றைக் கொடுக்கிற வழக்கம் இல்லை. வளர்த்த கைதான் அதை அவிழ்க்க வேண்டும்.

“ஏட்டி, கயித்த அவுத்துவிடு.”

“போர்டுல உள்ளத அழிச்சிட்டு வாங்க. பெறகு அவுக்குதேன்.”

“அது சும்மா பேருக்குட்டி. ஆரு அதப் பாக்கா?”

“நான் பாக்குதேன்லா. தெனமும் பாக்குதேன்.”

“வெயில் ஏறுது தாயி” என்றார் சோலைச்சாமி.

கன்று பத்திரகாளியின் சேலை முந்தியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

4.

முடிவு ஒன்று: கண்ணுசாமி மனசு மாறித் தரகரைத் திருப்பி அனுப்பினான். (அடித்துவிட்டேன். கண்ணுசாமியை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: பத்திரகாளி கன்றை அவிழ்த்துக் காட்டுக்குள் விரட்டி... எங்கே போகும், பால்குடி மறக்காத கன்று?

மூன்றாவதை என்னால் எழுத முடியவில்லை. நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கழனித்தண்ணி என்று சொன்ன ஆள் நான்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கண்ணுசாமி கறவையைப் போய்ப் பார்த்திருக்க மாட்டான். இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் தேன் மிட்டாயிலிருந்து இத்தனை சுற்றுச் சுற்றி வந்தேன்.

கயிற்றை அவிழ்த்தது யார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மறுநாள் காலையில் டீ நல்ல கெட்டியாக இருந்தது. அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து நான் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.