விளக்கைச் சுற்றிய வளையம்

மாலை வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது தெருவிளக்குகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் இருந்தது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு. படியிலேயே நின்று பார்த்தேன். கண்ணாடியை விடுவதற்காக ஆபரேஷன் செய்து வலக்கண்ணுக்குள் லென்ஸ் வைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நல்ல கண் உள்ளவர்களுக்கு விளக்கு இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது, என் தடித்த கண்ணாடிதான் இத்தனை காலமும் இதை மறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. வலப்பக்கத் தலை விண்ணென்று தெறித்ததற்கும் காரணம் வைத்திருந்தேன்: மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாந்தி எடுத்தேன். அக்கா முதுகைத் தடவிவிட்டாள்.

"சோடாபுட்டி, கண்ணு வந்ததும் கண்டதையும் தின்ன ஆரம்பிச்சிட்டியா?"

"ஒண்ணும் தின்னலக்கா." வாயைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். "உனக்கும் பல்பைச் சுத்தி வானவில் தெரியுதுல்ல? இவ்வளவு அழகா இருக்கும்னு நீ சொன்னதே இல்லையே."

அக்கா பல்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன வானவில்?"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போன விதத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை; ஆட்டோவில் என் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முதல்முறையே சரியாக வந்திருந்தால் எதற்கு மறுபடி? சொட்டு மருந்து விட்டார், மாத்திரை கொடுத்தார்.

"கண்ணுக்குள்ள தண்ணி வெளியேற வழியில்லாம நிக்குது. லென்ஸ் அளவு கொஞ்சம் பெரிசா அமைஞ்சிருக்கலாம். அழுத்தம் இறங்குதான்னு பார்ப்போம். இறங்கலேன்னா இன்னைக்கே லென்ஸை எடுத்துடணும்."

"எடுத்துட்டா பழைய கண்ணாடியே போட்டுக்கலாமா டாக்டர்?"

"கண் நரம்பு அதுவரைக்கும் தாங்கணும்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எப்போதும் ஓரளவு தெரியும் இடக்கண்ணை மூடினேன். எதிர்ச்சுவர்க் கடிகாரம் புகைக்குள் இருந்தது. எண்கள் இருக்கின்றனவா, எனக்குத் தெரிந்ததால் இருப்பதாக நினைக்கிறேனா? திறந்து சரிபார்த்தேன். மூடினேன். காலையில் வளையம் தெரிந்தபோதே சொல்லியிருந்தால்? காலையில் தெரிந்ததா? ஜன்னல் பக்கம் ஏதோ பளிச்சென்று இருந்தது. அதுவா இது?

"சும்மா சும்மா மூடிப் பார்க்காதடி" என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, "இனிமே உன்னை சோடாபுட்டின்னு கூப்பிட மாட்டேன்."

"கூப்பிடு" என்றேன். "அப்படியே கூப்பிடு."

நர்ஸ் கதவைத் திறந்து தலையசைத்தார். அழுத்தம் அளக்கும் கருவியில் தாடையை வைத்தேன், நெற்றியைப் பட்டையில் அழுத்தினேன். அக்காவின் உள்ளங்கை என் பின்னந்தலையில் இருந்தது.

"இமைக்காதீங்க. மூச்சு விடுங்க, அடக்காதீங்க."

நீல வெளிச்சம் ஒரு பொட்டாகக் கிளம்பி, நாணயமாகி, தட்டாகி, அறையையும் டாக்டரம்மாவின் முகத்தையும் மூடிக்கொண்டு என் கண்ணை நோக்கி வந்துகொண்டே இருந்தது.