ஆலைச் சேறும் அண்ணியின் வயலும்

சர்க்கரை ஆலையில் வடிகட்டிப் பிரிவில் எனக்கு வேலை. கரும்புச் சாற்றை வடிகட்டியதும் மிஞ்சும் கறுப்புச் சேறு என் கண் முன்னால்தான் விழும். விழும்போது ஆவி பறக்கும். இரண்டு நாள் கிடந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். பதினோரு வருஷமாக அதில்தான் புழங்குகிறேன். என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, நான் எப்போது போனாலும் வாசல் குழாயைக் காட்டுவாள். "கையக் கழுவிட்டு உள்ள வா." குளித்து முழுகிவிட்டுப் போனாலும் அதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளுடைய வயலில் இந்தச் சேற்றைப் போடச் சொன்னது நான்தான். வாய் சும்மா இருந்தால்தானே? அவளுடைய ஒன்றரை ஏக்கரும் சத்துச் செத்த மண். "எங்க ஆலைச் சேத்தப் போட்டுப் பயறு விதைங்க அண்ணி, நான் பொறுப்பு" என்றேன். பயறுக்கு வேரில் முடிச்சு விழும், காற்றில் இருப்பதைப் பிடித்து அது தனக்கான உரத்தைத் தானே செய்துகொள்ளும், முடிச்சுக்கு வேண்டிய தெம்பு இந்தச் சேற்றில் இருக்கிறது என்று ஆலையின் வேளாண் அலுவலர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். முடிச்சை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

சூடு ஆறாத சேற்றைக் கொண்டுவந்து பரப்பி, மறுநாளே தட்டைப்பயறு விதைத்தோம். அவசரக்குடுக்கை வேலை. சேறு மண்ணுக்குள் கொதித்தது. தோண்டிப் பார்த்தால் அவித்த பயறு, உப்புப் போட்டுத் தின்னலாம். நாத்தனார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவளிடம் கெஞ்சிக் கூத்தாடி அடுத்த பருவத்துக்கு இன்னொரு முறை சம்மதம் வாங்கினேன். இந்தத் தடவை சேற்றைக் குவித்துத் தண்ணீர் தெளித்து, கிளறிக் கிளறி மூன்று மாதம் ஆறவிட்டேன். வாடை போய், அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. விதைத்தோம். முளைத்தது.

இருபத்தாறாம் நாள் காலை அவளிடமிருந்து போன் வந்தது. "டிராக்டர் வருது. மடக்கி உழுதுட்டு வேற ஏதாவது விதைக்கப் போறேன். கடைசியாப் பாக்கறதுன்னா வந்து பாத்துக்க."

ஷிப்ட் முடிந்த கையோடு ஓடினேன். செடிகள் சாண் உயரத்தில் வெளுத்து நின்றன. பக்கத்து வயலில் மூட்டை உரம் போட்ட பயறு கருகருவென்று இருந்தது. டிராக்டர்காரர் இருக்கையில் சாய்ந்தபடி, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் ஒரு தூக்கம் போட்டுக்கறேன்" என்றார்.

நாத்தனார் ஒரு செடியைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்க உன் முடிச்சு?" வேர் மொட்டையாக இருந்தது. இன்னும் நாலைந்து பிடுங்கினாள். எல்லாம் மொட்டை. இனி இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"உழுப்பா" என்றாள்.

இன்ஜின் உறுமியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். செடியைப் பிடுங்கிய குழிக்குள், மண்ணோடு ஒட்டியபடி சின்னச் சின்னதாக உருண்டைகள் தெரிந்தன.

ஓடிப்போய் டிராக்டருக்கு முன்னால் நின்றேன். "பிடுங்கினதுதான் தப்பு அண்ணி. முடிச்செல்லாம் அறுந்து மண்ணுலயே நின்னுடுச்சு."

மண்வெட்டியால் ஒரு செடியைச் சுற்றி ஆழமாக வெட்டி, மண்ணோடு தூக்கி, டிராக்டர்காரரின் வாளித் தண்ணீரில் இறக்கினேன். மண் மெல்லக் கரைந்தது. வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு. எண்ணி மாளாது. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே சிவப்பு.

"ரத்தமா?" டிராக்டர்காரர் இறங்கி வந்துவிட்டார்.

பக்கத்து வயலில் கேட்டுக்கொண்டு ஒரு செடியை அதே மாதிரி தோண்டினோம். இரண்டு மூன்று முடிச்சுதான், உள்ளே வெள்ளை. மூட்டை உரம் கிடைத்த செடிக்கு முடிச்சின் தயவு தேவைப்படவில்லை. வேலை செய்யும் முடிச்சுதான் சிவக்கும் என்று அலுவலர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடிச்சு வேலைக்கு வரும்வரை செடி பசியில் வெளுத்துத்தான் நிற்குமாம். குனிந்து பார்த்தேன், நடுக்குருத்து பச்சை கட்டியிருந்தது.

நாற்றம் என்று நானே கூசிய சேறு, மூச்சுக் காட்டாமல் மண்ணுக்கடியில் இப்படியொரு காரியம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

நாத்தனார் வயலில் உட்கார்ந்துவிட்டாள். கையாலேயே மண்ணைத் தோண்டித் தோண்டி இன்னொரு செடியை எடுத்தாள், பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முடிச்சாகக் கீறிப் பார்த்தாள். "எல்லாம் அடியில நடந்திருக்கு. நான் மேலயே பாத்துட்டு இருந்திருக்கேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

"அப்ப உழவு?" என்றார் டிராக்டர்காரர்.

"நீ போயிட்டு வாப்பா."

வீட்டு வாசலுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் குழாய்ப் பக்கம் திரும்பினேன்.

"அங்க எங்க போற? உள்ள வா."

"கை, அண்ணி."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். முழங்கைவரை கறுப்பு. "என் கை மட்டும் என்னவாம்?" என்று சொல்லிவிட்டு, வயலிலிருந்து கொண்டுவந்த வேரைப் பிடித்தபடி நேராகச் சமையலறைக்குள் போனாள்.