தங்கையின் சர்வரும் என் ஆபரேஷனும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது சொந்தக் காரியத்துக்காக எழுதும் கதை. அடுத்த மாதம் எனக்கு முதுகில் ஆபரேஷன். அதற்குப் பிறகு ஆறு வாரம் துணையில்லாமல் எழுந்து நடக்கக்கூடாதாம். கூட இருக்க எனக்கென்று உள்ளது ஒரே தங்கை. அவளுக்கென்று உள்ளது ஒரு சர்வர்.

2

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்ப்பவள் அவள். முடிவுகள் அத்தனையும் ஒரே சர்வரில்தான். பழையது மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதால் புதிது வந்திருக்கிறது. அதில் எந்த ஓஎஸ்ஸை, அதாவது சர்வரை ஓட்டும் அடிப்படை மென்பொருளைப் போடுவது என்பதுதான் கதை.

‘மழை ஓய்ந்த மாலையில், ஜன்னலோரம் அவள்…’

[வேண்டாம். சர்வர் அறைக்கு ஜன்னலே கிடையாது.]

‘ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவள் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள்.’

இது இருக்கட்டும்.

3

போட்டியில் இருப்பவை இரண்டு ஓஎஸ். இரண்டுமே லினக்ஸ் என்ற வகைதான். ஒன்று பழைய சர்வரில் ஓடுவது. ஒவ்வொரு பாகமாக அவளே பொறுக்கிக் கோத்தது. மற்றது எல்லாம் தயாராக வருவது. கம்பெனிக்காரர்களே பத்து வருஷத்துக்குப் பழுது பார்த்துக் கொடுப்பார்கள். மூன்று மாதக் கோர்ஸ் படித்த யாரும் சமாளிக்கலாம்.

அவள் கோத்ததை அவளைத் தவிர ஒருவராலும் தொட முடியாது. கட்டளைகளுக்குக்கூடச் சொந்தப் பெயர் வைத்திருக்கிறாள். நகல் எடுத்து வைக்க ‘மூட்டை’. நின்றுபோனதை மறுபடி ஓடவைக்க ‘குண்டக்கா’.

(அது நான்தான். மேலே விசாரிக்க வேண்டாம்.)

ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்த அன்று சர்வர் நின்றுவிட்டது. லேபின் மூத்த டெக்னீஷியன், சிரித்தே யாரும் பார்த்திராத மனிதர், தெரிந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தார். வராந்தாவில் நாற்பது பேர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் அவளுக்குப் போன் போட்டு, சொன்னதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, ‘குண்டக்கா’ என்று தட்டினாராம். ஓடிவிட்டது.

இதை அவள் எத்தனை பெருமையாகச் சொல்கிறாள் தெரியுமா! இந்த இடத்தில்தான் எனக்கு என் கதாநாயகி மேல் சந்தேகம் வந்தது.

4

இதுவரை எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது. டெக்னீஷியன் ஒரு தடவை சிரித்திருக்கிறாராம், திருத்தச் சொன்னாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“ரெடியா இருக்கறதப் போட்டுட்டு வரலாம்லடி?”

“போட்டுட்டா, ஆறு வாரம் கழிச்சு நான் எதுக்குன்னு டாக்டர் கேப்பாருக்கா.”

லேப் முதலாளியான அந்த டாக்டர் ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிக் கேட்டவர்தான். எனக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே பாவமாகவும் இருந்தது. இத்தனை கெட்டிக்காரிக்கு இப்படியொரு பயமா?

5

முடிவு அ: ரெடிமேடைப் போடுகிறாள், பையோடு வந்து இறங்குகிறாள், வேலையும் பத்திரம். (இது என் ஆசை. கதை இல்லை.)

முடிவு ஆ: தான் கோத்ததையே போடுகிறாள். என்னை ஒரு நர்ஸ் பார்த்துக்கொள்கிறாள். தங்கையை நான் பெருந்தன்மையாக மன்னிக்கிறேன். (சுத்தப் பொய். ஒரு வருஷமாவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.)

முடிவு இ: வருகிறாள். வேலை போகிறது. என்னிடம் மூச்சு விடாமல், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வேறு வேலை தேடி

[இதற்குமேல் எழுத முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.]

6

இன்று காலை அவள் போன் செய்தாள். புது சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஓர் ஓஎஸ்ஸுக்கு ஒன்றாக இரண்டு பென் டிரைவும் கையில் இருக்கின்றன.

“எனக்குக் குழப்பமா இருக்குக்கா. எதைப் போடட்டும்? நீயே சொல்லு.”

எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு? என் கதாநாயகி என்னிடமே முடிவைக் கேட்கிறாள். ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அதைச் சொல்லப்போவது நானா, என் முதுகா?

“இரு, வாசகரக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதுகுவலி இல்லாத, அவளுக்கு அக்காவாகவும் இல்லாத யாராவது ஒருவர் சொல்லுங்கள். அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள். கொஞ்சம் சீக்கிரம். நான் வாயைத் திறந்தால் ‘வந்துடுடி’ என்றுதான் வரும்.